பட்டைத்துறைக்கு வந்த மோட்டார்

ஊறின ஆவாரம்பட்டையின் துவர்ப்பு வாசனையோடு பெட்ரோல் வாசனை கலந்தால் என்ன மணம் வரும் என்று கேட்டால், அதைச் சொல்ல இன்று எங்கள் ஊரிலேயே ஒரு சிலர்தான் மிஞ்சியிருப்போம். முதலில் அது மூக்கின் நுனியில் உறைக்கும், பிறகு நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்; பச்சைப் பாக்கைக் கடித்துவிட்டு அணைந்த விளக்குத் திரியை முகர்ந்ததுபோல இருக்கும். ஊருக்கெல்லாம் மல்லிகையும் தாழம்பூவும் எதை எதையோ ஞாபகப்படுத்தட்டும். எனக்கு அந்த மணம் ஒன்று போதும். உடனே மணல் சுடும், ரப்பர் குமிழ் ஹாரன் தவளைபோலக் கத்தும், என் அத்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு நடுரோட்டில் நிற்பாள்.

வேலூர்க் கோட்டை வாசலில் புறப்பட்ட ஒரு மோட்டார், போகும் வழியை மாற்றி மாற்றி, கடைசியில் பாலாற்று மணலில் இறங்கி எங்கள் வாசலுக்கு வந்த கதை இது. வந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. நாங்கள் வரவழைத்தோம். இதைச் சொல்லும்போது அடக்கமாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்த மோட்டாருக்குச் சொந்தக்காரர் ஆம்பூர் காதர் சாயபு. அண்ணன் தம்பிகளெல்லாம் தோல் வியாபாரத்தில் இருக்க, அவர் மட்டும் தன் பங்கைப் பிரித்துக்கொண்டு போய் ஒரு பழைய லாரியை வாங்கி, அதன்மேல் மரப் பெஞ்சுகளை அடித்து, பக்கங்களில் சுருட்டி விடுகிற கித்தான் படுதா கட்டி, பஸ் ஆக்கினார். "தோலை வித்துட்டு தகரத்த வாங்கினான் பாரு" என்று சொந்தக்காரர்கள் அவரைக் கேலி செய்வது ஆம்பூர்க் கடைத்தெருவில் வெகுநாள் ஓடியதாம். எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பு அது வேலூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஜட்காக்காரர்கள் முறைத்துக்கொண்டார்கள், குதிரைகள் மிரண்டன, பெஞ்சு நிறைகிறவரைக்கும் சாயபு வண்டியை எடுக்கமாட்டார். பிறகு மாதனூர்வரை நீண்டது, அப்புறம் ஆம்பூர்வரை. பஸ் என்ற சொல்லெல்லாம் அப்போது எங்கள் வாயில் நுழையவில்லை. அது "சாயபு மோட்டாரு", அவ்வளவுதான்.

அந்த நீண்ட பாதை முழுக்க ஆற்றுக்குத் தென்கரையில். நாங்கள் வடகரையில். நடுவில் பாலாறு, அதாவது மணல். மழைக்காலத்தில் சில நாட்கள் செம்மண் நிறத்தில் புரண்டு ஓடும். மற்ற நாளெல்லாம் வெள்ளை மணலைப் போர்த்திக்கொண்டு, அடியில் மட்டும் தண்ணீரை ஒளித்துவைத்துக்கொண்டு படுத்திருக்கும். அக்கரையில் புழுதி எழும்பினால் மோட்டார் போகிறது என்று பொருள். எங்களுக்கு வாய்த்தது அந்தப் புழுதி மட்டும்தான்.

எங்கள் குடியிருப்பு ஒரு "தோல் ஷாப்பு"க்குப் பக்கத்தில் இருந்தது. தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஆண்கள் குழியில் இறங்கித் தோலை மிதிப்பார்கள். பெண்கள் ஆவாரம்பட்டையைக் கூடையில் சுமப்பார்கள். சாறெல்லாம் தோலுக்குள் போனபிறகு மிஞ்சும் பட்டையை, "சக்கை" என்று சொல்லி, ஆற்றங்கரையில் மேடாகக் கொட்டிவிடுவார்கள். அதைக் காயவைத்து எரிப்போம். எங்கள் அடுப்புக்கு வேறு விறகு கிடையாது. அந்தக் குடியிருப்புக்கு ஊர் என்ற மரியாதையும் இல்லை, பெயரும் இல்லை. வெளியாட்கள் "நாத்தச் சேரி" என்பார்கள். நாங்கள் "நம்ம எடம்" என்போம்.

எனக்கு அடுத்து அம்மா இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்திருந்தாள். இரண்டு தடவையும் வலி கண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் போகும்போது, வழியிலேயே. ரயிலடி எங்களுக்கு அந்த ஆற்றைவிடத் தூரம். ஆஸ்பத்திரி டாக்டரம்மா அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: அடுத்து உண்டானால் மாதாமாதம் வந்து காட்ட வேண்டும், வலி வருவதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட வேண்டும், ஒரு பகல் முழுக்கக் கட்டை வண்டியில் குலுங்கக் கூடாது. சொல்வது சுலபம். அம்மா மறுபடி உண்டானபோது, நைனாவின் அக்கா கன்னிம்மா அத்தைதான் முடிவெடுத்தாள். "மோட்டார்ல போலாம் வா."

அன்றைக்கு நானும் கூடப் போனேன். அம்மாவுக்கு ஏழு மாதம். மணலில் கால் புதையப் புதைய ஆற்றைக் கடந்து, தென்கரைப் புளியமரத்தடியில் நின்று, மூவரும் கையை ஆட்டினோம். மோட்டார் நின்றது. நின்றதும் கண்டக்டர் ஜம்பு எட்டிப் பார்த்தான். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். பட்டை சுமக்கிறவர்களின் நகக்கண்கள் என்றைக்கும் பழுப்பாகத்தான் இருக்கும்.

"எடம் இல்ல."

"உள்ள பாதி பெஞ்சு காலியாத்தானே கெடக்குது?" என்றாள் அத்தை.

"அது ஏறினவங்க மூச்சு உட. நீங்க ஏறினா அவங்க எறங்கிடுவாங்க. அவசரம்னா மேல ஏறி மூட்டையோட ஒக்காரு."

"வாயும் வயிறுமா இருக்கறவள மேல ஏத்துறியா? ஒங்கம்மா ஒன்ன மூட்டை மேல ஒக்காந்தா பெத்தா?"

உள்ளே இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஜம்புவின் முகம் கறுத்தது, விசிலை ஊதினான், புழுதி எங்கள்மேல் இறங்கியது. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போகிற மோட்டாரைப் பார்த்துக் கத்தினாள்: "அத்தனை பேர் கால்லயும் கெடக்குதே செருப்பு, அது மட்டும் நாறலியாடா?"

திரும்பி வரும்போது நட்ட நடு ஆற்றில் அம்மா உட்கார்ந்துவிட்டாள். அத்தை கையால் மணலைத் தோண்டி ஊற்று எடுத்தாள். கலங்கல் தெளிகிறவரைக்கும் அம்மா அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணி, இதுவும் வண்டியிலதானா?"

அத்தை தெளிந்த தண்ணீரைக் கையில் அள்ளி அவளிடம் நீட்டினாள்.

இதற்கிடையில் சாயபுவுக்கும் ஒரு கஷ்டம் வந்திருந்தது. வேலூர் ரோட்டில் வேறு ஒருவர் புது மோட்டார் விட்டார். அதற்குப் பஞ்சு வைத்த இருக்கை. ஜனங்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். சாயபு யோசித்தார். வடகரையில் பேரணாம்பட்டுப் பக்கம் மோட்டாரே கிடையாது. தோல் ஏஜெண்டுகளும் சந்தைக்குப் போகிறவர்களும் அங்கே நிறைய. ஆற்றைக் கடந்துவிட்டால் அந்தத் தடம் முழுக்க அவருடையது. கடக்கிற இடம் எது என்று தேடினால், ஆறு குறுகிக் கரை தணிந்திருப்பது எங்கள் குடியிருப்புக்கு நேராகத்தான்.

ஒரு மத்தியானம் மோட்டார் மணலில் இறங்கியது. ஷாப்பு வேலையை விட்டுவிட்டு எல்லோரும் கரையில் கூடிவிட்டோம். பாதி ஆறு வரைக்கும் ராஜா மாதிரி வந்தது. அப்புறம் ஒருமுறை உறுமியது, பின்சக்கரம் சுழன்றது, அச்சு வரைக்கும் புதைந்து நின்றது. ஜிப்பாவும் குல்லாவுமாகச் சாயபு இறங்கி, "அரே, இன்னா பேஜார் இது!" என்று தலையில் கைவைத்தார். ஆண்கள் தள்ளினார்கள், அசையவில்லை.

ஷாப்பு முற்றம் எப்போதும் சேறு. தோல் வண்டி அங்கே புதைந்தால் சக்கரத்துக்கு அடியில் சக்கையைக் கொட்டி ஏற்றுவது எங்களுக்கு வழக்கம். அதற்கு யாரும் யோசிக்க வேண்டியதில்லை. கை தானாகச் செய்யும். அத்தை ஒரு கூடையைத் தூக்கி வந்து சக்கரத்தடியில் கவிழ்த்தாள். பின்னாலேயே மற்ற பெண்கள். நாரும் தோலுமாகப் பின்னிக்கிடக்கும் அந்தச் சக்கை மணலைப் பாய்போல மூடிக்கொண்டது. மோட்டார் ஒருமுறை இருமிவிட்டு மேலே ஏறியது. நாங்கள் போட்ட சத்தத்தில் அக்கரைக் கொக்குகள் பறந்துபோயின.

சாயபு கெட்டிக்காரர். மறுநாளே வந்துவிட்டார். "கரைக்குக் கரை இத போட்டுக் குடுங்கம்மா. கூலி ஜாஸ்தியாவே தர்றேன்."

"கூலி வேணாம் சாயபே," என்றாள் அத்தை. "மோட்டாரு இங்க நிக்கணும். எங்காளுங்க உள்ள பெஞ்சுல ஒக்காரணும். முன்னாடி பலகையில எழுதுறீங்களே, அதுல எங்க ஊரு பேரும் இருக்கணும்."

"இவ்ளோதானே? எழுதிட்டாப் போச்சு," என்றார் அவர். கொடுக்கிறதில் கஷ்டமில்லாத பொருளைக் கேட்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

நாங்கள் பாதை போட்டோம். ஷாப்புக் குழியிலிருந்து அன்றன்றைக்கு வாரிக் கொட்டிய ஈரச் சக்கையைச் சுடச்சுடக் கொண்டுபோய்க் கொட்டினோம். காய்ந்தது அடுப்புக்கு வேண்டுமே. வெள்ளை மணலில் கருஞ்சிவப்பாக ஒரு ஜமுக்காளம் விரித்ததுபோல அது கிடந்தது. அதில் செருப்பில்லாத காலோடு நடந்துபார்த்து, மெத்தை மெத்தை என்று நாங்கள் கூத்தாடினோம்.

முதல் ஓட்டத்தில் வந்தது ஒரு கல்யாணக் கூட்டம். ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டுக்குப் போகிற மாப்பிள்ளை வீட்டார். அத்தனை பேரும் வெள்ளை வெளேர் என்று. படுதாவைச் சுருட்டிக் கட்டிக் காற்று வாங்கிக்கொண்டு வந்தார்கள். மோட்டார் ஓர் இடத்திலும் புதையவில்லை. நேராக, கம்பீரமாக, ஆற்றைக் கடந்து கரையேறி எங்கள் முன்னால் நின்றது. நாங்கள் கைதட்டினோம். அவர்கள் தட்டவில்லை. சக்கரம் வாரியடித்த பட்டைத் தண்ணீர் மாப்பிள்ளையின் அங்கியிலும் மாமனார் தலைப்பாகையிலும் பொட்டுப் பொட்டாக இறங்கியிருந்தது.

"ஷாதி வீட்டு ஆளுங்கள பாரும்மா!" என்று சாயபு அலறினார். "மாப்பிள்ளைக்கு அம்மை போட்டாப்பல இருக்குது!"

யாரோ ஊற்றுத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கசக்கினார்கள். பட்டைக் கறைக்குச் சோப்பு ஆகாது, இன்னும் கறுத்தது. பிறந்ததிலிருந்து அந்த நிறத்தைத்தான் நாங்கள் உடுத்தியிருந்தோம். எங்கள் குடியிருப்பில் வெள்ளைத் துணி என்று ஒன்று எந்த வீட்டிலும் இருந்ததில்லை. அதனால் அந்தத் தண்ணீரை ஒரு கறை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவேயில்லை. வேறு எந்த ஊர்க்காரர்களும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

மோட்டார் மறுபடி தென்கரைக்கே போய்விட்டது. பலகையில் எங்கள் பெயர் எழுதப்படவில்லை. அம்மாவுக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கிவிட்டது. நைனா மாட்டு வண்டிக்காரரைப் பார்த்துச் சொல்லிவைத்துவிட்டு வந்தார். அதைக் கேட்டதும் அம்மா சோற்றுச் சட்டியை மூடிவைத்துவிட்டு எழுந்து போனாள்.

அத்தை வாசலில் நின்று தெருவைக் கூப்பிட்டாள். "ஈரமாப் போட்டது நம்ம தப்பு. காஞ்சத போட்டா சாயம் எறங்குமா?"

எறங்காது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் காய்ந்தது என்றால் அடுப்புக்கு வைத்திருப்பது. எதிர்வீட்டில் ஒருத்தி, "பச்சத் தண்ணியில கூழ் கரைச்சாத் தொண்டையில எறங்காதா இன்னா?" என்று முணுமுணுத்துக்கொண்டே தன் வீட்டுச் சாக்கை இழுத்து வந்து தெருவில் போட்டாள். வீட்டுக்கு வீடு கூடையும் சாக்கும் வெளியே வந்தன. அடுப்புகள் குளிர்ந்து கிடந்தன. போதாததற்குப் புதுச் சக்கையைப் பாறைமேலும் கூரைமேலும் சுடுமணல்மேலும் பரப்பினோம்; பிள்ளைகளெல்லாம் கால்விரலால் அதைப் புரட்டிப் புரட்டிவிட்டோம்; மேற்கே ஒரு மேகம் தலைகாட்டினால்கூடத் தெருவே அண்ணாந்து பார்க்கும். பழைய பாதையை வாரி எறிந்துவிட்டுக் காய்ந்த சக்கையைக் கரைக்குக் கரை போட்டோம். கையில் எடுத்தால் வெயிலின் சூடு. பிழிந்தால் ஒரு சொட்டு இல்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. அத்தை என்னைக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்து, ரோட்டின் நடுவில் போய் நின்றாள். ஹாரன் கத்தியது. ஜம்பு கத்தினான். அவள் நகரவில்லை. ஜும்மாத் தொழுகைக்குப் போய்விட்டு, வெளுத்துக் கஞ்சி போட்ட ஜிப்பாவோடு முன்சீட்டில் உட்கார்ந்திருந்த சாயபு இறங்கி வந்தார்.

"இன்னாம்மா மறுபடியும்?"

"பாதை காஞ்சிருக்குது சாயபே. வந்து பாருங்க."

"ஒரு தபா பட்டது போதும். அந்த ஷாதி வீட்டுக்காரங்க இன்னும் என்ன உடல."

"இந்த ஜிப்பாவோட பின்சீட்ல ஒக்காருங்க. சக்கரத்துக்கு நேரா. போய்ட்டு வாங்க. ஒரு பொட்டு பட்டுச்சின்னா நான் ஆயுசுக்கும் இந்த ரோட்டுல வந்து நிக்கல." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "எந் தம்பி பொண்டாட்டி அக்கரையில நிக்கிறா சாயபே. ரெண்டு புள்ளைய வண்டியில உட்டுட்டா."

சாயபு ஆற்றைப் பார்த்தார். அந்தக் கரையில் அம்மா ஒரு துணி மூட்டையோடு நின்றுகொண்டிருந்தது இங்கிருந்தே தெரிந்தது. அவர் பயணிகளை இறங்கிப் புளியமர நிழலில் நிற்கச் சொன்னார். "சாயபு இன்னிக்கி சாயம் போட்டுக்கப் போறாரு" என்று ஒருத்தர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் குல்லாவைச் சரிசெய்துகொண்டு, பின்பெஞ்சில் போய், சக்கரத்துக்கு நேராக, நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தையும் நானும் ஏறினோம். என் வாழ்க்கையில் நான் ஏறிய முதல் மோட்டார் அது.

சர சர என்று அது ஆற்றைக் கடந்த சத்தம் இப்போதும் கேட்கிறது. காய்ந்த சக்கை சக்கரத்தடியில் நொறுங்கிக்கொண்டேயிருந்தது. பின்னால் தூசி எழும்பியது, ஈரம் எழும்பவில்லை. வடகரையில் எங்கள் ஜனம் முழுக்க நின்றது, இந்தத் தடவை கைதட்டவில்லை. சாயபு இறங்கினார். ஜிப்பாவை முன்னால் இழுத்துப் பார்த்தார், பின்னால் திரும்பி எங்களிடமே காட்டினார். தூசியை ஒரு தட்டுத் தட்டினார். வெள்ளை.

"ஷாபாஷ்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு அவரே அம்மாவின் மூட்டையை வாங்கினார். "முன்னால ஒக்காரும்மா. பின்னால தூக்கிப் போடும்." டிரைவருக்குப் பக்கத்தில், அதுவரைக்கும் தாசில் ஆபீஸ்காரர்களும் பெரிய வியாபாரிகளும் மட்டும் உட்கார்ந்த இடத்தில், பழுப்பு நகங்களை மடிமேல் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்தாள். மோட்டார் தென்கரைக்குத் திரும்பியதும் நிழலில் நின்றவர்கள் வந்து பார்த்தார்கள். ஒரு கணம் தயங்கினார்கள். பின்பெஞ்சிலிருந்து சாயபுவின் குரல் வந்தது: "நான் இங்க ஒக்காந்திருக்கேன். நாத்தம் தாங்காதவங்க நடந்து வரலாம், தடை இல்ல."

ஒருவரும் நடக்கவில்லை. வெயில் அப்படி.

தம்பி ஆஸ்பத்திரியில் பிறந்தான். கட்டிலில், கூரைக்கு அடியில், கத்திக்கொண்டு. அவனை எடுத்துக்கொண்டு அம்மா அதே மோட்டாரில் திரும்பினாள். வைத்த பெயர் ஏழுமலை. ஊர் கூப்பிட்ட பெயர் "மோட்டாரு". இதில் வேடிக்கை, இன்றைக்கும் பஸ்ஸில் ஏறினால் அவனுக்குத் தலைசுற்றும்.

வேலூர்க் கடைத்தெருவில் பலகை எழுதுகிறவர், என்ன பெயர் எழுத வேண்டும் என்று சாயபுவைக் கேட்டிருக்கிறார். அவர் வந்து அத்தையைக் கேட்டார். அத்தை அதற்கு முன்னால் அதை யோசித்திருந்தாளோ என்னவோ, தயங்காமல் சொன்னாள்: "பட்டைத்துறைன்னு எழுதுங்க." இல்லாத பெயரை அந்த நிமிஷத்தில்தான் உண்டாக்கினாள். வேலூர், பள்ளிகொண்டா, மாதனூர், பட்டைத்துறை, பேரணாம்பட்டு. படிக்கத் தெரிந்தவர் எங்கள் பக்கம் யாருமில்லை. ஆனாலும் நாலாவது எது என்று எல்லோரும் விரலால் தொட்டுக் காட்டுவோம். ஜம்புதான் பாவம். முதல் சில நாட்கள் அந்தப் பெயரை வாய்க்குள் மென்றான். "சத்தமா சொல்லுப்பா, காது கேக்கல" என்பாள் அத்தை, ஓட்டத்துக்கு ஓட்டம். கடைசியில் கோட்டை வாசலில் நின்று அவன் "பட்டைத்தொறேய்" என்று இழுத்துக் கூவினால் அகழித் தண்ணீர் அதிரும் என்று வேலூருக்குப் போய்வந்தவர்கள் சொன்னார்கள்.

அதன்பிறகு வருஷாவருஷம் ஆறு பெருகிப் பாதையை வாரிக்கொண்டு போகும். தண்ணீர் வடிந்ததும் மணல் எங்கே இறுகியிருக்கிறது என்று பார்த்து, ஒரு வருஷம் ஷாப்புக்கு மேலே, ஒரு வருஷம் கீழே, ஒரு வருஷம் நாணல் திட்டைச் சுற்றிக்கொண்டு, மறுபடி போடுவோம். சாயபு மோட்டாரின் தடத்தை ஆறு மாற்றியது, நாங்கள் மாற்றினோம். வேறு யாரும் மாற்றியதில்லை.

இப்போது பாலம் இருக்கிறது. பஸ் அதன்மேல் ஒரு மூச்சில் போய்விடுகிறது. சாயபுவின் மோட்டார் கைமாறிப் போனது, அத்தை போனாள், ஷாப்பில் ஆவாரம்பட்டையைக் காணோம், தோலை ஊறவைக்க இப்போது பீப்பாயில் ஏதோ பச்சை மருந்துத் தண்ணீர் வருகிறது. நாங்கள் பாதை போட்ட இடத்தில் சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கிறது. ஆனால் தபால் பட்டைத்துறைக்கு வருகிறது. பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் பட்டைத்துறை என்று இருக்கிறது.

போன வாரம் வேலூரில் பஸ் ஏறினேன். முன்பெஞ்சில் இடமிருந்தது, உட்கார்ந்தேன். கண்டக்டர் சின்னப் பையன், மீசை இப்போதுதான் அரும்புகிறது. "எங்க?" என்றான். "பட்டைத்துறை" என்றேன், தேவைக்குக் கொஞ்சம் அதிகமான சத்தத்தோடு. அவன் என் கையைப் பார்க்கவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சீட்டைக் கிழித்து நீட்டிவிட்டு, அடுத்த ஆளிடம் போய்விட்டான்.